முதலாண்டு மாணவருக்குச் சட்ட எழுத்து: கற்பிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சட்டக் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்பெடுப்பவர்களும், நாகர்கோவில், தக்கலை, குழித்துறை, இரணியல் நீதிமன்றங்களில் தொழில் செய்துகொண்டே பயிற்சி மாணவர்களை அலுவலகத்தில் சேர்த்துக்கொள்ளும் வழக்கறிஞர்களும் கேட்கும் கேள்விகள் இவை. குமரி மாவட்டத்துப் பொருள்களையும் ஆவணங்களையும் வைத்தே எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன.

டிராஃப்டிங் தாள் (வழக்குரையும் ஆவணமும் எழுதும் பாடம்) கடைசி ஆண்டுகளில்தான் வருகிறது. முதலாண்டிலேயே எழுத்துப் பயிற்சி எதற்கு?

இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி அந்தத் தாளில் வழக்குரைகளுக்கு 15 பயிற்சிகள், ஆவணங்களுக்கு 15 பயிற்சிகள். ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண் வீதம் 90, வாய்மொழித் தேர்வுக்கு 10. முப்பது பயிற்சிகளையும் ரெக்கார்டு நோட்டில் பார்த்து எழுதிவிட்டு மாணவர் வெளியே வந்துவிடுகிறார். பிராதின், அதாவது வாதி தாக்கல் செய்யும் வழக்குரையின், உருவம் அவருக்குத் தெரியும். அந்த உருவத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்பதுதான் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்கும் இடம் முதலாண்டு.

அதற்காக முதலாண்டிலேயே பிராது எழுத வைக்க வேண்டாம். நான்கு வகை எழுத்து போதும்: சங்கதிகளை எழுதுவது, ஒரு சட்டப் பிரச்சினைக்கு விடை எழுதுவது, தீர்ப்புக் குறிப்பு, ஒரு அறிவிப்புக் கடிதம். இவை நான்கும் கைவந்தால் பிராது இரண்டு வாரப் பாடம்.

எதிலிருந்து தொடங்குவது?

சங்கதிகளிலிருந்து. சட்டப் பிரிவு எதையும் சொல்லாமல் தொடங்குங்கள்.

ஒரு கட்சிக்காரர் வாய்மொழியாகச் சொல்வதுபோல இரண்டு பக்கம் நீங்களே எழுதி வகுப்பில் வாசியுங்கள். முன்பின்னாக, கோபத்தோடு, தேவையில்லாத உறவுக்கதையோடு இருக்கட்டும். கிழக்குப் பக்கத்து வேலியை அண்டை வீட்டார் வெட்டியது, அதற்கு முன்பே கோயில் கொடையில் நடந்த வாய்த்தகராறு, அத்தான் வெளிநாட்டிலிருந்து போனில் சொன்னது, நிலத்தை 1998-இல் வாங்கியது எல்லாம் கலந்து கிடக்க வேண்டும். மாணவர்கள் இதை 200 சொற்களுக்குள் காலவரிசையில் எழுத வேண்டும்.

வரும் தாள்களில் இரண்டு குறைகள் நிச்சயம் இருக்கும். முதலாவது, முடிவைச் சங்கதியாக எழுதுவது. “எதிர்க்கட்சியார் சட்டவிரோதமாக அத்துமீறி நுழைந்தார்” என்பதில் சங்கதி எதுவுமில்லை. நீதிபதி சொல்ல வேண்டியதை மாணவர் சொல்லிவிட்டார். “12.3.2025 காலை ஏழு மணியளவில் கிழக்கு வேலியின் மூன்று கம்பிகளை வெட்டி, உள்ளே வந்து இரண்டு தென்னங்கன்றுகளைப் பிடுங்கினார்” என்பது சங்கதி. சட்டவிரோதம், மோசடி, அராஜகம், ஏமாற்றும் நோக்கம் ஆகிய சொற்களை முதல் மூன்று தாள்களுக்குத் தடை செய்துவிடுங்கள். அவை இல்லாமல் எழுதும்போது என்ன நடந்தது என்று சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது, சங்கதியையும் சாட்சியத்தையும் குழப்புவது. வேலியை வெட்டியது சங்கதி. அதைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்தார் என்பது சாட்சியம். உரிமையியல் நடைமுறைச் சட்டம் (சி.பி.சி.) ஆர்டர் 6 விதி 2 வழக்குரையில் முக்கியச் சங்கதிகளைச் சொல்லச் சொல்கிறது, சாட்சியத்தைச் சொல்ல வேண்டாம் என்கிறது. விதி எண்ணை இப்போது சொல்ல வேண்டியதில்லை. தாளில் ஓரமாக “யார் பார்த்தது? பிறகு” என்று எழுதினால் போதும். மூன்றாம் வாரத்தில் விதியைக் காட்டும்போது தானாக விளங்கும்.

பிரச்சினைக்கு விடை எழுத ‘ஐராக்’ முறையைச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனாலும் விடைகள் உயிரில்லாமல் இருக்கின்றன. ஏன்?

பிரச்சினை, விதி, பொருத்தல், முடிவு என்ற நான்கில் மூன்றை மாணவர் மனப்பாடமாக எழுதிவிட முடியும். பொருத்தல் ஒன்றுதான் யோசித்து எழுத வேண்டியது. அதைத்தான் ஒரே வரியில் கடந்துபோகிறார். அதற்குக் காரணம் ஆங்கிலம் வராதது என்று பலர் நினைக்கிறார்கள். தமிழில் எழுதச் சொன்னாலும் இதே குறை வருகிறது என்பதைப் பார்த்தால் காரணம் மொழி இல்லை என்று தெரியும்.

ஒரு பயிற்சியை முழுதாகப் பார்ப்போம். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். வேலையை விட்டு நின்ற பால்வெட்டுத் தொழிலாளிக்கு உரிமையாளர் 6,400 ரூபாய் கூலி பாக்கி. ஒரு நாள் இரவு தொழிலாளி தோட்டத்துக்குள் வந்து, சிரட்டைகளில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலையும், மரத்தில் வெட்டுக்கோட்டின் மேல் ஒட்டிக் காய்ந்திருந்த பாலையும் பிய்த்துச் சாக்கில் போடுகிறார். மொத்தம் 18 கிலோ. வாசல் தாண்டுவதற்குள் பிடிபடுகிறார். “கூலி பாக்கிக்கு எடுத்தேன்” என்கிறார். இது திருட்டா?

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 303(1) கேட்பவை ஐந்து: நேர்மையற்ற எண்ணம், அசையும் பொருள், இன்னொருவர் வசத்தில் இருப்பது, அவர் சம்மதம் இல்லாமை, எடுப்பதற்காகப் பொருளை நகர்த்துவது. வழக்கமாக வரும் விடை இப்படியிருக்கும்:

“பிரிவு 303-இன்படி அசையும் பொருளை நேர்மையற்ற எண்ணத்துடன் சம்மதமின்றி எடுப்பது திருட்டு. இங்கே தொழிலாளி ஒட்டுப்பாலை எடுத்துள்ளார். ஆகவே அவர் திருட்டுக் குற்றம் செய்துள்ளார்.”

விதியும் முடிவும் உண்டு, நடுவில் ஒன்றும் இல்லை. ஐந்து கூறுகளுக்கும் தனித்தனிப் பத்தி எழுதச் சொல்லுங்கள். அசையும் பொருள் என்ற கூறுக்கு நல்ல பத்தி ஏறத்தாழ இப்படி வரும்:

“நிலத்தோடு இணைந்திருக்கும்வரை ஒரு பொருள் திருட்டுக்கு உட்படாது; பிரிக்கப்பட்டதும் உட்படும் என்கிறது பிரிவு 303-இன் முதல் விளக்கம். சிரட்டையில் கிடந்த பால் மரத்திலிருந்து முன்பே வடிந்து பிரிந்தது. சிரட்டை கம்பியால் மரத்தில் கட்டப்பட்டிருப்பது அதற்குள் கிடப்பதை நிலத்தோடு இணைக்காது. வெட்டுக்கோட்டில் ஒட்டியிருந்த பால் இன்னும் மரத்தோடு இருந்தது என்று வாதிடலாம். ஆனால் பிரிக்கும் செயலும் நகர்த்தும் செயலும் ஒன்றாகவே இருந்தாலும் திருட்டாகலாம் என்று இரண்டாம் விளக்கம் சொல்வதால், பிய்த்துச் சாக்கில் போட்ட கணத்தில் அதுவும் இந்தப் பிரிவுக்குள் வருகிறது.”

நகர்த்துதல் பற்றிய பத்தியில், வாசலைத் தாண்டாததால் குற்றம் முயற்சியோடு நின்றுவிட்டது என்று பாதி வகுப்பு எழுதும். சிரட்டையிலிருந்து சாக்குக்குப் போனதே நகர்த்துதல்தான் என்பதைச் சட்டப் பிரிவின் சொற்களிலிருந்தே அவர்கள் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

மிகுதியாக எழுத வேண்டிய இடம் நேர்மையற்ற எண்ணம். கூலி பாக்கி உண்மை. அதனால் எண்ணம் நேர்மையானதாகிவிடுமா? ‘நேர்மையற்ற’ என்பதற்கு அதே சட்டத்தின் பிரிவு 2-இல் வரையறை இருக்கிறது: ஒருவருக்கு முறையற்ற ஆதாயமோ இன்னொருவருக்கு முறையற்ற நட்டமோ விளைவிக்கும் எண்ணம். ரூபாய்தான் பாக்கி, ஒட்டுப்பால் பாக்கி இல்லை. அந்தக் குறிப்பிட்ட பொருளின் மேல் தொழிலாளிக்கு உரிமை ஏதும் இல்லை என்று ஒரு பக்கம் எழுதலாம். தனக்கு உரிமை உண்டென்று உண்மையாகவே நம்பி, பட்டப்பகலில் சொல்லிவிட்டு எடுத்திருந்தால் கதை மாறுமா என்று மறுபக்கம் கேட்கலாம். இரவில் வந்தது எதைக் காட்டுகிறது? பாக்கித் தொகைக்கும் எடுத்த சரக்கின் விலைக்கும் உள்ள தொடர்பு எதையாவது காட்டுமா? இந்தக் கூறுக்கு ஒரு பக்கம், வசத்துக்கும் சம்மதத்துக்கும் இரண்டிரண்டு வரி. எல்லாக் கூறுக்கும் சம அளவில் எழுதுபவருக்கு எது சிக்கல், எது சிக்கலில்லை என்று இன்னும் பிடிபடவில்லை என்று பொருள்.

பொருத்தல் வந்திருக்கிறதா என்று மாணவரே சோதித்துக்கொள்ள வழி உண்டா?

உண்டு, இரண்டு கலர் பென்சில் போதும். எழுதி முடித்த தாளில் சட்டத்தைச் சொல்லும் சொற்களுக்கு அடியில் நீலம், இந்தக் கட்சிக்காரரின் சங்கதியைச் சொல்லும் சொற்களுக்கு அடியில் சிவப்பு. இரண்டு நிறமும் ஒரே வாக்கியத்தில் வரும் இடமே பொருத்தல். நீலப் பத்தி ஒன்று, சிவப்புப் பத்தி ஒன்று, கடைசியில் முடிவு என்று தாள் பிரிந்து கிடந்தால் திரும்ப எழுத வேண்டியதுதான். மேலே சொன்ன மூன்று வரி விடையைப் போட்டுப் பாருங்கள்: முதல் வரி முழுக்க நீலம், இரண்டாவது முழுக்கச் சிவப்பு.

ஆசிரியர் திருத்துவதற்கு முன் இந்த வேலை நடந்திருக்க வேண்டும். நிறமிடாத தாளை வாங்காதீர்கள்.

தீர்ப்புக் குறிப்புக்கு எந்தத் தீர்ப்பைக் கொடுப்பது?

குறுகியதை. கேசவானந்த பாரதி வழக்கை (1973) முதல் பருவத்தில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பதின்மூன்று நீதிபதிகள், ஏழுக்கு ஆறு என்ற பெரும்பான்மை, பல நூறு பக்கங்கள். மாணவர் எதையும் வாசிக்காமல் கைடு புத்தகத்தில் உள்ள பத்தியைத்தான் எழுதுவார், அவரைக் குறைசொல்லவும் முடியாது.

ஒப்பந்தச் சட்டம் நடக்கும்போது லால்மன் சுக்லா எதிர் கௌரி தத் வழக்கு பொருத்தமானது. 1913-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது, சில நிமிடங்களில் படித்துவிடலாம். காணாமல் போன பையனைத் தேடி வர முதலாளி தன் பணியாளரை அனுப்புகிறார். அவர் போன பிறகு, கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் என்று துண்டறிக்கை வெளியாகிறது. பணியாளர் பையனைக் கண்டுபிடிக்கிறார், பின்னர் பரிசுத் தொகை கேட்டு வழக்குப் போடுகிறார், தோற்கிறார்.

இதன் சிறப்பு, தோற்றதற்கு இரண்டு காரணங்கள் தீர்ப்பில் இருப்பதுதான். முன்மொழிவு தெரியாமல் ஏற்பு இருக்க முடியாது என்பது ஒன்று. தேட வேண்டிய கடமை அவருக்கு முன்பே இருந்ததால் அந்தச் செயல் புதிய வாக்குறுதிக்குப் பிரதிபலன் (ஈடாகத் தருவது) ஆகாது என்பது மற்றொன்று. கைடு புத்தகம் முதல் காரணத்தோடு நிறுத்திவிடும். தீர்ப்பை வாசித்தவர் யார், வாசிக்காதவர் யார் என்பது இங்கே பிரிந்துவிடும். பிறகு கேளுங்கள்: துண்டறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் தேடப் போனார் என்றால் முடிவு மாறுமா? பணியாளராக இல்லாத ஒருவர் தெரியாமல் கண்டுபிடித்திருந்தால்? தீர்ப்பின் அடிப்படைக் காரணம் எது, போகிறபோக்கில் சொன்னது எது என்று பிரிப்பதை இந்த இரண்டு கேள்விகளே கற்றுக்கொடுக்கும்.

குறிப்பின் அளவு ஒரு பக்கம். சங்கதி ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். எழுவினா, அதாவது நீதிமன்றம் விடை சொல்ல வேண்டிய சட்டக் கேள்வி, ஒரே கேள்வி வாக்கியமாக, ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். முடிவு ஒரு வரி. காரணத்துக்கு அரைப் பக்கம்.

சட்ட அறிக்கைகளில் தீர்ப்பின் தலையில் இருக்கும் சுருக்கத்தை எடுத்தெழுதக் கூடாது. அது பதிப்பாசிரியர் எழுதியது, நீதிபதியின் எழுத்து ஆகாது. அதை மேற்கோளாக நீதிமன்றத்தில் வாசித்தால் மானம் போகும்.

மேற்கோள் முறையை எவ்வளவு சொல்லிக்கொடுப்பது?

குறைவாக. கட்சிக்காரர் பெயர், ஆண்டு, தொகுதி, அறிக்கையின் பெயர், தொடக்கப் பக்கம், எந்தப் பத்தி. “(1973) 4 எஸ்.சி.சி. 225” (எஸ்.சி.சி. என்பது ‘சுப்ரீம் கோர்ட் கேசஸ்’ என்ற சட்ட அறிக்கை) என்பதில் எந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரிந்தால் போதும். 2023 முதல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளுக்கு, எந்தப் பதிப்பகத்தின் அறிக்கையையும் சாராத நடுநிலை மேற்கோள் எண் கொடுக்கிறது. அதைக் கொண்டு நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே தீர்ப்பைக் கட்டணமில்லாமல் எடுக்கலாம். பத்தி எண் இல்லாத மேற்கோளுக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். புள்ளி, கமா, சாய்வெழுத்துக்காக வகுப்பு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பழைய குற்றவியல் சட்டமா, புதியதா? மாணவர்கள் இரண்டையும் கலக்கிறார்கள்.

புதிய மூன்று சட்டங்களும் 1.7.2024 அன்று நடைமுறைக்கு வந்தன. குற்றம் எது என்பதைச் சம்பவம் நடந்த தேதி முடிவு செய்யும். 30.6.2024 இரவு நடந்த திருட்டுக்கு இந்திய தண்டனைச் சட்டம் 378, 379. மறுநாள் நடந்ததற்குப் புதிய சட்டத்தின் 303. ஆகவே எந்தக் குற்றவியல் விடையிலும் முதல் வரியில் சம்பவத் தேதி இருக்க வேண்டும் என்று வைத்துவிடுங்கள்.

மூத்த வழக்கறிஞர்கள் வாயில் 420 என்றும் 302 என்றும்தான் இன்னும் வரும். மாணவர் தாளில் புதிய சட்டத்தின் கீழ் 318(4) என்றும் 103(1) என்றும் எழுத வேண்டும். பழைய தீர்ப்பை மேற்கோள் காட்டும்போது பழைய எண்ணையும் அதற்கு நேரான புதிய எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பிரிவின் வாசகம் மாறியிருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே எழுத வேண்டும்.

தமிழில் எழுத வைப்பதா, ஆங்கிலத்திலா?

இரண்டிலும். மாவட்டத்தின் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் வழக்குரை தாக்கல் செய்யலாம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனால் ஆங்கிலம். அரசமைப்பின் 348ஆம் உறுப்பு உயர் நீதிமன்றத்தின் மொழியை அப்படி வைத்திருக்கிறது. விளவங்கோடு பக்கத்திலிருந்து வரும் மாணவர் சிலருக்கு வீட்டில் மலையாளம். ஆக மூன்று மொழிகளுக்கு நடுவில் நிற்கும் மாணவரை ஆங்கிலத்தில் மட்டும் எழுதச் சொன்னால், தெரிந்த வாக்கியங்களுக்கு ஏற்றபடி சங்கதியை வளைத்துவிடுவார்.

சங்கதியும் பொருத்தலும் முதல் எழுத்தில் தமிழில் இருக்கட்டும். பிறகு அதை மூடி வைத்துவிட்டு ஆங்கிலத்தில் புதிதாக எழுதச் சொல்லுங்கள். வரிக்கு வரி மாற்றினால் இரண்டு மொழியும் கெட்டுப்போகும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் 25 சொல்லைத் தாண்டினால் இரண்டாக உடைக்க வேண்டும்.

தமிழின் நோய் வேறு. கோர்ட்டுத் தமிழ் என்று நினைத்துக்கொண்டு மாணவர் எழுதுவது இப்படி:

“மேற்படி தாவா சொத்தானது மேற்படி வாதிக்கு மேற்படி கிரயத்தின்படி பாத்தியப்பட்டு, வாதி அனுபவித்து வருங்கால், மேற்படி பிரதிவாதி யாதொரு உரிமையும் இல்லாதிருக்க, மேற்படி சொத்தில் இடைஞ்சல் செய்தபடியால் இவ்வழக்கு அவசியமாகி…”

எந்த மேற்படி எதைக் குறிக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. திருத்தியது: “வாதி இந்தச் சொத்தை 4.6.1998 தேதியிட்ட கிரய ஆவணத்தின்படி வாங்கினார். அன்று முதல் அவர் அனுபவத்தில் உள்ளது. பிரதிவாதிக்கு இதில் உரிமை இல்லை. 12.3.2025 அன்று பிரதிவாதி கிழக்கு வேலியை வெட்டினார்.” வாதி, பிரதிவாதி, தாவா, வக்காலத்து, வாய்தா எல்லாம் தொழிலின் சொற்கள், அவை இருக்கட்டும். வாக்கியத்தை முடிக்காமல் இழுப்பதை மட்டும் வெட்டுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு சங்கதி, அதற்கு ஒரு தேதி.

குமரி மாவட்டத்துப் பழைய பிரமாணங்களை (சொத்துப் பத்திரங்களை) வகுப்பில் பயன்படுத்தலாமா?

பயன்படுத்த வேண்டும். 1.11.1956 வரை இந்த மாவட்டம் முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சியில் இருந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களில் பல மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டுக் கணக்கில்) இருக்கும். சொத்து வழக்கு எதை எடுத்தாலும் மூல ஆவணம் அங்கேதான் போய் நிற்கும்.

முதல் பயிற்சி தேதி. கொல்லம் ஆண்டு ஆவணியில் தொடங்குகிறது. ஆவணி முதல் டிசம்பர் முடியும்வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி முடியும்வரை 825. கொல்லம் 1110 ஆவணி என்றால் 1934. அதே 1110-இன் ஆடி என்றால் 1935. எல்லாவற்றுக்கும் 825 கூட்டுபவர் ஆவணி முதலான மாதங்களில் ஓராண்டு தவறுவார். மார்கழியின் நடுவில் ஆங்கில ஆண்டு மாறுவதால் அந்த மாதத்துக்குப் பஞ்சாங்கம் பார்க்காமல் எழுதக் கூடாது. காலக்கெடு கணக்கில் ஓராண்டுப் பிழை வழக்கையே சாய்க்கும். எழுதும்போது ஆவணத்தில் உள்ள தேதியை அப்படியே முதலில் எழுதி, ஆங்கிலத் தேதியை அடுத்து எழுதுவது முறை.

இரண்டாவது சொத்து விவரம். சி.பி.சி. ஆர்டர் 7 விதி 3 அசையாச் சொத்தை அடையாளம் காணும்படி விவரிக்கச் சொல்கிறது. பழைய சர்வே எண், ரீசர்வே எண், கிராமம், பரப்பு, நான்கெல்லை. மாணவர் வழுக்கும் இடம் பரப்பு. பட்டாவில் 0 – 4.05 என்றிருந்தால் 0 ஹெக்டேர் 4.05 ஏர், அதாவது ஏறத்தாழ 10 சென்ட். அதை 4.05 சென்ட் என்று எழுதிவிடுவார்கள். ஒரு ஏர் 2.471 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நான்கெல்லையில் “கிழக்கே அண்டை வீட்டார் நிலம்” என்று விட்டுவிடாமல், அந்த நிலத்தின் சர்வே எண்ணையும் எழுத வேண்டும். எல்லைகளைக் கிழக்கு, மேற்கு என்று தலைப்போட்டு எழுதிய பிறகு, அதை மட்டும் பார்த்து இன்னொரு மாணவர் படம் வரையட்டும். படம் மூடாவிட்டால் விவரம் தவறு.

அறிவிப்புக் கடிதத்துக்கு எந்தப் பொருள் நல்லது?

காசோலை வழக்கு. தேதிகள் கறாரானவை, தவறினால் விளைவு உடனே தெரியும். மார்த்தாண்டத்தில் ஒரு தேன் வியாபாரிக்குக் கொடுக்கப்பட்ட 2,50,000 ரூபாய் காசோலை, பணமில்லை என்று திரும்பிய தகவல் வங்கியிலிருந்து 10.6.2025 அன்று கிடைத்தது என்று வையுங்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-இன்படி 30 நாளுக்குள், அதாவது 10.7.2025-க்குள் அறிவிப்பை அனுப்ப வேண்டும். காசோலை கொடுத்தவர் அதை 15.7.2025 அன்று பெற்றால் பணம் கட்ட 15 நாள், அது 30.7.2025-இல் முடியும். வழக்கு மூலம், அதாவது வழக்குத் தொடுக்கும் உரிமை, 31.7.2025 அன்று எழுகிறது. அந்த நாளைத் தள்ளி ஒரு மாதம் எண்ணினால் புகாருக்குக் கடைசி நாள் 31.8.2025. அன்று ஞாயிறு, அடுத்த வேலை நாளில் தாக்கல் செய்யலாம். இந்தக் கணக்கை எழுத்தில், காரணத்தோடு காட்டச் சொல்லுங்கள். வெறும் தேதி எழுதினால் அரை மதிப்பெண்.

கடிதத்தில் காசோலை எண், தேதி, வங்கிக் கிளை, எந்தக் கடனுக்கு, எப்போது திரும்பியது, என்ன காரணம், எவ்வளவு கேட்கிறோம், எத்தனை நாளுக்குள். கேட்கும் தொகை காசோலைத் தொகையாகவே இருக்க வேண்டும். வட்டியும் நோட்டீஸ் செலவும் கேட்பதானால் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாக எழுதினால் அறிவிப்பே செல்லாமல் போகும். கடுமையான சொல் ஒன்றுகூட வேண்டாம், அதனால் பணம் சீக்கிரம் வருவதில்லை.

மாணவர் எழுதியது பயிற்சித் தாளாகவே இருக்க வேண்டும். வழக்கறிஞர் படித்து, திருத்தி, தன் பெயரில் கையெழுத்திடாமல் எதுவும் வெளியே போகக் கூடாது.

அறுபது தாளை எப்படித் திருத்தி முடிப்பது?

ஒரு தாளுக்கு எட்டு நிமிடம், அறுபது தாளுக்கு எட்டு மணி நேரம். அதற்குமேல் செலவழிப்பவர் இரண்டாம் மாதத்தில் திருத்துவதையே விட்டுவிடுவார். எழுத்துப் பிழை எல்லாவற்றையும் சிவப்பு மையால் வட்டமிட வேண்டாம். தாளுக்கு மூன்று குறிப்பு மட்டும்: ஒன்று சங்கதி பற்றி, ஒன்று பொருத்தல் பற்றி, ஒன்று வாக்கியம் பற்றி. மாணவர் அந்த மூன்றையும் சரிசெய்து அதே பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டும். மதிப்பெண் இரண்டாம் தாளுக்குத்தான்.

புதுப்புதுத் தலைப்பில் பத்துத் தாள் எழுதுவதைவிட ஒரே தாளை மூன்று முறை எழுதியவர் முன்னேறுகிறார். பல்கலைக்கழக அட்டவணைக்கு இது பொருந்தாது என்பது உண்மைதான். பன்னிரண்டு வாரம் கிடைத்தால் மூன்று வாரம் சங்கதி, நான்கு வாரம் சட்டப் பிரிவை மட்டும் வைத்துப் பிரச்சினை விடை, இரண்டு வாரம் தீர்ப்புக் குறிப்பு, மூன்று வாரம் அறிவிப்பு. தீர்ப்புகளை வைத்து விடை எழுதுவது இரண்டாம் பருவத்துக்கு. ஓணத்துக்குத் தோவாளையிலிருந்து பிச்சிப்பூ அனுப்புவதாகச் சொல்லி அனுப்பாத வியாபாரி எவ்வளவு நட்டஈடு தர வேண்டும் என்ற கேள்வி, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73-ஐயும் எந்த நட்டம்வரை ஈடு கேட்கலாம் என்று சொன்ன 1854-ஆம் ஆண்டு ஹாட்லி எதிர் பாக்சென்டேல் வழக்கையும் சேர்த்து எழுத அப்போது நன்றாகப் பொருந்தும்.

சாட்ஜிபிடியில் எழுதி வந்தால்?

2023-இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி உருவாக்கிக் கொடுத்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இதைச் சொல்லிப் பயமுறுத்துவதால் மட்டும் பலன் வராது. மேற்கோள் காட்டிய ஒவ்வொரு தீர்ப்பின் முதல் பக்கத்தையும், தான் நம்பிய பத்தியையும் அச்செடுத்துத் தாளோடு இணைக்க வேண்டும் என்று விதியுங்கள். முதல் எழுத்தை வகுப்பிலேயே கையால் எழுத வையுங்கள். பிறகு மூன்று நிமிடம் நின்று பதில் சொல்லட்டும்: சங்கதியில் ஒன்றை மாற்றினால் விடை எப்படி மாறும்? தானே எழுதியவர் சொல்லிவிடுவார்.

மாதிரிப் படிவப் புத்தகமும் இதே சிக்கல்தான், பழையது என்பதால் யாரும் பேசுவதில்லை. வேறு யாருடைய பெயரோ, வேறு ஊர் சப்-ரிஜிஸ்திரார் அலுவலகமோ தாளில் மிஞ்சியிருந்தால் புத்தகத்தைப் பார்த்து எழுதியது தெரிந்துவிடும். படிவத்தைக் கடைசி வாரம்வரை கண்ணில் காட்டாதீர்கள்.

நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனால் என்ன எழுதச் சொல்வது?

ஐந்தாண்டுப் படிப்பில் மொத்தம் 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் பயிற்சி முடிக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. முதலாண்டு மாணவர் பெரும்பாலும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு டைரியில் “வழக்கு ஒத்திவைக்கப்பட்டது” என்று எழுதி வருவார். அதற்குப் பதிலாக ஒரே ஒரு சாட்சி விசாரணையைப் பார்த்து, கேட்ட கேள்விகளில் ஐந்தை எழுதி, ஒவ்வொன்றும் எந்தச் சங்கதியை நிலைநாட்டவோ உடைக்கவோ கேட்கப்பட்டது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். குமாஸ்தா ஒருவரிடம் கேட்டு, முடிந்துபோன ஒரு வழக்கின் ஆவணக் கட்டை வரிசைப்படி புரட்டிப் பார்ப்பதும் பயனுள்ள அரை நாள். அதற்கு வழக்கறிஞரின் அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

எழுதும்போது கட்சிக்காரர் பெயர், ஊர், சர்வே எண் எதுவும் தாளில் வரக் கூடாது, முதலெழுத்துகூட வேண்டாம். பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 72-இன்படி குற்றம். அந்த வழக்குகளின் கட்டை முதலாண்டு மாணவர் கையில் கொடுக்கவே வேண்டாம்.